ப்ரூவரியில் நாய்க்குளியல்: நாய்க்காகவா, பீருக்காகவா?

மார்ச் 2, காலை 9:40 (வாசகர் கேள்வி)

கிராஃப்ட் பீர் காய்ச்சும் இடங்களில் இப்போது ஒரு புது வழக்கம். நாயைக் கொண்டுவாருங்கள், குளிப்பாட்டித் தருகிறோம், அதுவரை நீங்கள் உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடியுங்கள், வரும் பணம் நாய்க் காப்பகத்துக்கு. நாய்க்குக் குளியல் என்றாலே கட்டிலுக்கு அடியில் ஓடும். இதில் கூட்டம், பாட்டுச் சத்தம், முன்பின் தெரியாதவர் கை வேறு. பீர் விற்க இது ஒரு சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மார்ச் 2, மதியம் 1:15 (என் பதில்)

போயிருக்கிறேன். குடிக்க மட்டுமல்ல, குளிப்பாட்டுகிற பக்கமும் நின்றிருக்கிறேன். சாக்குதான், சந்தேகமே வேண்டாம். ஆள் வராத பகல் நேரத்தில் கூட்டம் சேர வேண்டும் என்று ப்ரூவரிக்கு ஆசை, தடுப்பூசிக்கும் தீவனத்துக்கும் பணம் வேண்டும் என்று காப்பகத்துக்குக் கவலை. இரண்டு பேருக்கும் காரியம் ஆகிறது என்றால் அதில் எனக்கு வருத்தமில்லை. நான் பார்ப்பது இரண்டு விஷயம்: பணம் போய்ச் சேர்ந்ததா, நாய் என்ன மனநிலையில் வீடு திரும்பியது. பீர் எவ்வளவு விற்றது என்பது அவர்கள் கணக்கு.

மார்ச் 2, மாலை 6:50

ஏன் ப்ரூவரி, பூங்காவில் வைத்தால் ஆகாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பூங்காவில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து பாருங்கள், தெரியும்.

பீர் காய்ச்சுவது என்றால் பளபளக்கும் தொட்டிக்கு முன்னால் நின்று மோந்து பார்ப்பது என்று வெளியே ஒரு நினைப்பு இருக்கிறது. அங்கே ஒரு நாள் வேலை பார்த்தவரைக் கேளுங்கள், கழுவுவதைப் பற்றித்தான் பேசுவார். தொட்டி, குழாய், பீப்பாய், தரை, மறுபடி தொட்டி. பீர் கெட்டுப்போவதற்கு வேண்டாத நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 1883இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், எமில் கிறிஸ்டியன் ஹன்சன் ஒரே செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். அதற்கப்புறம் சுத்தம் என்பது இந்தத் தொழிலில் பாதி வேலை ஆகிவிட்டது. அதனால் எந்த ப்ரூவரிக்குப் போனாலும் வழுக்காத சாய்வுத் தரை, நடுவில் அகலமான வடிகால், நீண்ட ஹோஸ், எப்போதும் வெந்நீர் எல்லாம் இருக்கும். நாயைக் குளிப்பாட்டத் தேவையான அத்தனையும் வேறொரு காரணத்துக்காக அங்கே ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறார்கள். பீர் தவிர்த்தும் அந்த இடம் பொருத்தமான இடம்தான்.

மார்ச் 2, இரவு 10:05

மேலே "எப்போதும் வெந்நீர்" என்று எழுதிவிட்டுப் போனேன், அதை அப்படியே விட முடியாது. மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தை, வெந்நீரில் ஊற வைக்கும் கலவைக்கு மாஷ் என்று பெயர், அது சுமார் 65, 67 டிகிரி செல்சியஸில் நிற்கும். அதற்காகத் தொட்டியில் இருக்கும் தண்ணீர் இன்னும் சூடு. அந்தக் குழாயை நேராக நாய் மேல் திறந்தால் தோல் வெந்துவிடும். குளிர்ந்த நீரைக் கலந்து விட ஓர் ஆள், அந்த ஆளுக்கு அது மட்டுமே வேலை. ஒவ்வொரு நாய்க்கும் முன்னால் தன் முழங்கையில் விட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு போதும்.

காய்ச்சும் கூடத்துக்குள் நாயை விடவே கூடாது. அங்கே தொட்டி கழுவ காஸ்டிக் சோடா, பெராசெட்டிக் அமிலம் என்று தோலை அரிக்கும் ரசாயனங்கள் வைத்திருப்பார்கள். நொதிக்கும் தொட்டிகளிலிருந்து கரியமில வாயு வந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். நம் மூக்கு இருக்கும் உயரம் வேறு, குட்டைக் கால் டாஷ்ஹண்ட் நாயின் மூக்கு இருக்கும் உயரம் வேறு. பின்பக்கம் வண்டி நிறுத்தி மூட்டை இறக்கும் திறந்த தளம்தான் சரியான இடம்.

மார்ச் 3, காலை 8:20

இதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் இந்தப் பேச்சில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஹாப்ஸ். பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற அந்தப் பூ நாய்க்கு விஷம். அதில் எந்தப் பொருள் காரணம் என்று ஆராய்ச்சியாளர்களே இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை, ஆனால் விளைவு தெரியும்: நாய் நிலைகொள்ளாமல் அலையும், விடாமல் மூச்சிரைக்கும், இதயம் படபடக்கும், உடம்பு கொதிக்கும். நாயின் இயல்பான சூடு 38.3 முதல் 39.2 டிகிரி வரை. இதில் 41ஐத் தாண்டிப் போகும், சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். கிரேஹவுண்ட் வகைக்கு ஆபத்து கூடுதல் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள், லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் பெயர்களும் அடிபடுகின்றன. கலப்பின நாய்க்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்து இருந்துவிட வேண்டாம். தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கிளாஸில் இருக்கும் பீரில் ஹாப்ஸ் மிகக் குறைவு, அங்கே பயம் ஆல்கஹால்தான். பத்து கிலோ உடம்புக்கு நம் ஒரு கிளாஸ் எவ்வளவு பெரிய அளவு என்று யோசியுங்கள். குழாய்களுக்குக் கீழே சொட்டு பிடிக்கும் தட்டு, மேசைக்கு அடியில் கொட்டிய குட்டை, இரண்டையும் நாய் கண்டுபிடித்துவிடும். வீட்டில் காய்ச்சுபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ட்ரை ஹாப்பிங் (மணத்துக்காகக் கொதிக்கவிடாமல் பீரில் ஹாப்ஸை ஊறப்போடுவது) முடிந்து வடிகட்டிய கசடைத் தோட்டத்து உரக்குழியில் கொட்டாதீர்கள். இனிப்பு மால்ட் வாசனையும் அதில் ஒட்டியிருப்பதால் சில நாய்கள் விரும்பித் தின்னும்.

மார்ச் 3, மதியம் 12:30

"அப்படியானால் நிகழ்ச்சியில் விற்கும் மால்ட் சக்கை பிஸ்கட்?" நல்ல கேள்வி. மால்ட்டை ஊற வைத்துச் சாறு வடித்தபின் மிஞ்சுவது சக்கை. ஹாப்ஸ் சேர்வது அதற்கப்புறம், சாறு கொதிக்கும்போது. அதனால் சக்கையில் ஹாப்ஸ் இருக்காது, மாவும் முட்டையும் சேர்த்துச் சுட்டால் நாய் தாராளமாகத் தின்னலாம். ஈரச் சக்கை ஒரே நாளில் புளித்துவிடும், அன்றைக்கே காய வைக்க வேண்டும் அல்லது சுட வேண்டும்.

மார்ச் 3, மாலை 5:10

காய்ச்சும் தொழிலில் இருக்கும் ஒருவர் கீழே மறித்திருக்கிறார்: மாஷிலேயே ஹாப்ஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், போதாக்குறைக்குச் சக்கையையும் ஹாப்ஸ் கசடையும் ஒரே பீப்பாயில் தள்ளுகிற இடங்களும் உண்டு. சரி, ஏற்றுக்கொள்கிறேன். மதியம் சொன்ன "தாராளமாக" இப்போது "கேட்டுவிட்டு" என்று மாறுகிறது. சுட்டவரிடம் சக்கை எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வாங்காதீர்கள்.

மார்ச் 4, இரவு 9:00

குளிப்பாட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. இதை ஏனோதானோ என்று செய்கிற இடங்களைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்.

சிக்கு எடுக்காமல் நனைக்கக் கூடாது. நனைந்த சிக்கு இறுகிவிடும், அப்புறம் கத்தரிக்கோல்தான் வழி. தண்ணீரைக் காலில் தொடங்கி மேலே கொண்டுபோக வேண்டும். கழுத்துக்கு மேல் ஹோஸே வேண்டாம், முகத்துக்கு ஈரத் துணி போதும். காதில் தண்ணீர் போனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு நாள் கழித்துத் தலையை ஆட்டத் தொடங்கும். மனிதர்களுக்கான ஷாம்பூ எடுக்காதீர்கள். நம் தோல் அமிலப் பக்கம், பிஎச் அளவில் 5.5 வாக்கில், நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலை, அதோடு நம்முடையதைவிட மெல்லியது. நுரை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காரியம் அலசுவதில்தான் இருக்கிறது. ஷாம்பூ போட்ட நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் அலச வேண்டும். வரிசை நீளமாக நிற்கும்போது தன்னார்வலர்கள் கை வைப்பது இங்கேதான். நான்கு நாயைச் சுமாராக அலசுவதற்கு இரண்டு நாயை ஒழுங்காக அலசலாம்.

கழுத்தில் சொட்டு விடுகிற உண்ணி மருந்து போட்டிருந்தால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கிடையாது, மருந்து வீணாகும். தடுப்பூசி முடியாத குட்டியைக் கூட்டத்துக்கு அழைத்துப் போக வேண்டாம். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களைச் சூடான ப்ளோயருக்கு முன்னால் நிறுத்த வேண்டாம், அதற்கு மூச்சு விடுவதே பாடு.

மார்ச் 4, இரவு 9:25

துண்டு எத்தனை வேண்டும் என்று கேட்டவருக்கு: நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஆனால் முதலில் நாயை அதன் போக்கில் உதற விடுங்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்து ஆட்கள் நனைந்த விலங்குகளை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2012இல் ஓர் ஆய்வே வெளியிட்டார்கள். நாய் நொடிக்கு நாலு, ஐந்து முறை உடம்பை உதறுகிறது, சுண்டெலி சுமார் முப்பது முறை. உருவம் சிறுத்தால் வேகம் கூட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் தெறிக்காது. சில நொடி உதறலிலேயே ரோமத்தில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி போய்விடும். எங்கே போகும் என்றால், உங்கள் மேல்தான். வெள்ளைச் சட்டையில் வந்து நிற்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், ஆனால் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மார்ச் 5, காலை 7:45

பூனைக்கும் நடத்தலாமா என்று கேட்டவருக்கு: நடத்தலாம். குளிப்பாட்டியவர்கள் கையில் விழும் கீறலுக்கு மருந்து வாங்கத் தனியாக ஓர் உண்டியல் வையுங்கள்.

மார்ச் 6, மாலை 7:30

இனி பீர். இத்தனை நாளாக நாய் பக்கமே பேசியாகிவிட்டது.

குளிப்பாட்டிய கையோடு கிளாஸைத் தொடாதீர்கள். பீரின் நுரையை நிறுத்தி வைப்பது மால்ட்டிலிருந்து வரும் புரதமும் ஹாப்ஸ் கசப்பும் சேர்ந்த ஒரு பின்னல். சோப்பும் எண்ணெய்ப் பசையும் அதை உடைத்துவிடும். நாய் ஷாம்பூ பட்ட விரல் கிளாஸ் விளிம்பில் உரசினால் போதும், நுரை அப்படியே அமுங்கும். பரிமாறியவர் சரியாக ஊற்றவில்லை என்று அவர் மேல் கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எதைக் குடிப்பது? இது என் ரசனை, சண்டைக்கு வராதீர்கள். சுற்றிலும் லாவெண்டர் ஷாம்பூவும் ஈர நாயும் மணக்கிற இடத்தில் அருமையான ஐபிஏவை (ஹாப்ஸ் மணம் தூக்கலான பீர் வகை) எடுத்து வீணாக்காதீர்கள். அதன் மாம்பழ வாசனையும் பைன் வாசனையும் அந்தக் காற்றில் காணாமல் போய்விடும். வறுத்த மால்ட் வாசம் தூக்கலாக இருக்கும் ஸ்டௌட் என்ற கறுப்பு பீர் அதை எதிர்த்து நிற்கும். வெயில் என்றால் கோதுமை பீர். ஆல்கஹால் நாலு சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். ஒன்பது, பத்து சதவீதத்தில் மரப்பீப்பாயில் ஊறியதை வேறொரு நாள் நாயில்லாமல் வந்து மெதுவாகக் குடியுங்கள். கயிற்றைப் பிடித்திருப்பவர் நிதானத்தில் இருக்க வேண்டும். ஹோஸ் பிடிப்பவர் வேலை முடியும்வரை ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது. இந்த இரண்டாவது விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை, சக தன்னார்வலர்களுக்கு என் மேல் மனத்தாங்கல் உண்டு, இருக்கட்டும்.

மார்ச் 6, இரவு 11:10

வெயில் என்றதும் நினைவு வந்தது. தெளிந்த கிளாஸில் ஊற்றிய பீரை வெயிலில் வைத்தால் சில நிமிடத்திலேயே ஒரு நாற்றம் பிடிக்கும். ஹாப்ஸ் கசப்புப் பொருள் ஒளி பட்டு உடைந்து, பீரில் இருக்கும் ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் அதற்குத் துணைபோய், ஒரு கந்தகச் சேர்மம் உருவாகிறது. பழுப்புப் பாட்டில் அதற்காகத்தான். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கண்டத்தில் இருக்கும் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சுகிற திரவத்தில் இருப்பதும் இதே குடும்பத்துச் சேர்மங்கள். ஸ்கங்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வரும் நாய்க்குச் சாதாரண ஷாம்பூ பயன்படாது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு, சமையல் சோடா, கொஞ்சம் சோப்புத் திரவம் என்று பால் கிரெபாம் என்ற வேதியியலாளர் 1993இல் ஒரு கலவை வெளியிட்டார், அங்கே இன்றும் அதைத்தான் கலக்குகிறார்கள். கலந்த உடனே பயன்படுத்த வேண்டும், பாட்டிலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். ஆக, கிளாஸை நிழலில் வையுங்கள். நாயையும்.

மார்ச் 8, காலை 10:00

பணத்துக்கு வருவோம், முதல் நாள் தொட்டுவிட்டு விட்டேன். "லாபத்தில் ஒரு பகுதி காப்பகத்துக்கு" என்று எழுதியிருக்கும் சுவரொட்டியைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். எந்த லாபம்? எத்தனை பங்கு? அன்றைக்கு லாபமே இல்லை என்று கணக்குக் காட்டினால்? நான் உதவப் போன ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) இப்படித்தான் எழுதியிருந்தார்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டபோது ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஒரு குளியலுக்கு இவ்வளவு, முழுத் தொகையும் காப்பகத்துக்கு, பீர் வருமானம் எங்களுக்கு என்று நேராகப் போடுகிற ப்ரூவரியை நான் மதிப்பேன். அல்லது ஒரு கிளாஸுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. உண்டியலின் சாவி காப்பகத்தாரிடம் இருக்கட்டும், இரண்டு தரப்பும் சேர்ந்து எண்ணி, மறுநாள் தொகையை வாசலில் எழுதி ஒட்டட்டும்.

மார்ச் 8, மதியம் 3:40

ப்ரூவரியால் நாய்க்கு நேரடியாக நன்மை நடந்த கதை வேண்டும் என்றால் ஒன்று இருக்கிறது. ஃபுளோரிடாவில் மோட்டார்வொர்க்ஸ் என்ற ப்ரூவரி 2020இல் காப்பக நாய்களின் படத்தைப் பீர் கேன்களில் அச்சிட்டது. தத்துக்கு ஆள் கிடைக்கட்டும் என்ற எண்ணம்தான். அந்தப் படத்தைப் பார்த்து மின்னசோட்டாவில் இருந்த ஒரு பெண், மூன்று வருடத்துக்கு முன் காணாமல் போன தன் நாய் அது என்று அடையாளம் கண்டு, நாயைத் திரும்பப் பெற்றார். நாய்க்கு மைக்ரோசிப் (உரிமையாளரைக் கண்டுபிடிக்கத் தோலுக்கு அடியில் வைக்கும் சில்லு) இருந்தது. அதில் பதிந்திருந்த தொடர்பு விவரம் பழையது என்பதால் காப்பகத்தால் அவரைப் பிடிக்க முடியவில்லை. குளியல் நிகழ்ச்சியில் ஒரு மேசை போட்டு சிப் ஸ்கேனர் வைத்து "உங்கள் எண் சரியாக இருக்கிறதா பாருங்கள்" என்று கேட்டாலே போதும். ஷாம்பூவைவிடச் செலவு குறைவு.

மார்ச் 8, மதியம் 3:55

"நாய்க்கென்று பீர் வருகிறதாமே?" வருகிறது. புஷ் என்ற அமெரிக்க பீர் நிறுவனம் 2020இல் ஒன்று விட்டது. ஆல்கஹாலும் இல்லை, ஹாப்ஸும் இல்லை, கேனில் அடைத்த எலும்புச் சாறு. நாய்க்குப் பிடிக்கும். கேன் யாருக்குப் பிடிக்க வேண்டும் என்று செய்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

மார்ச் 11, இரவு 8:15

காப்பகத்து நாய்களையே கொண்டுவந்து குளிப்பாட்டி அங்கேயே தத்துக் கொடுக்கலாமே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. முன்பெல்லாம் நான் உடனே தலையாட்டியிருப்பேன். இப்போது யோசிக்கிறேன். கூண்டில் நாள்கணக்காக இருந்த நாயை ஒரே மதியத்தில் வண்டி, கூட்டம், ஹோஸ், ப்ளோயர் என்று இழுத்தால் அது தன் இயல்பில் இருக்காது. வந்தவர்கள் பார்ப்பது பயந்து ஒடுங்கிய ஒரு நாயை, தேர்ந்தெடுப்பது அங்கே ஓரளவு தைரியமாக நின்ற வேறொன்றை. குளியலைக் காப்பகத்திலேயே முந்தின நாள் முடித்துவிட்டு, கூட்டத்துக்குப் பழகிய இரண்டு மூன்றை மட்டும் ஒதுக்குப்புறமாக உட்கார வைக்கலாம். மற்றவற்றுக்குப் புகைப்படம் போதும்.

சொந்த நாய்க்கும் இதே பேச்சுதான். வால் ஆடுகிறது, அதனால் சந்தோஷம் என்று முடிவு கட்டாதீர்கள், பதற்றத்திலும் ஆடும். தூக்கம் வராமலே கொட்டாவி, சாப்பிடாமலே உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, நனையாமலே உதறுவது, பிஸ்கட்டை நீட்டினாலும் வாங்காமல் இருப்பது. இதில் ஏதாவது வரிசையில் நிற்கும்போதே தெரிந்தால் திரும்பிப் போய்விடுங்கள். காசைப் போட்டுவிட்டுக் குளிப்பாட்டாமல் போனவரை யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உண்மையில் வருகிற நாய்களில் கணிசமானவை வராமல் இருந்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், அன்றைக்குத் துண்டு பிழிய எங்களுக்கும் ஆள் வேண்டும்.

மார்ச் 14, காலை 9:05

சனிக்கிழமை போய்வந்த இரண்டு பேர் நாய் விடாமல் சொறிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். முதலில் வயிற்றடியும் அக்குளும் பாருங்கள், அலசாமல் விட்ட ஷாம்பூ அங்கேதான் தங்கும். பிசுபிசுப்பு இருந்தால் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் இன்னொரு முறை அலசித் துவட்டுங்கள், அதற்குமேல் எதையும் தடவ வேண்டாம். அடர்ந்த இரட்டை ரோம நாய் என்றால் அடி ரோமம் காய்ந்ததா என்று விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் தங்கினால் அந்த இடம் சிவந்து புண்ணாகும். காதில் வாடை, தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பது, சிவந்த இடத்தில் கசிவு, இதில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுக் குடையாதீர்கள். நடத்தியவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டு புகார் என்றால் அலசும் இடத்தில் ஆள் போதவில்லை என்று அர்த்தம், அடுத்த முறை அங்கே நான் நிற்கிறேன்.